சஹன் ஏறும் இழுவைப்பெட்டி

மகள் இல்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சோறும் இறால் ஆணமும் மேசையில் மூடியிருக்கின்றன. சாவியை ஆணியில் மாட்டு, கதிரையில் எறியாதே.

சென்ற வெள்ளிக்கிழமை உன் இழுவைப்பெட்டியில் ஆறுபேர் ஒரே தட்டில் உண்ணும் ஒரு சஹன் சோற்றை, மேலே அவித்த முட்டைகளோடு வைத்து, மணல் வழியே மீன்வாடிவரை இழுத்தபோது, முட்டைகள் உருண்டு சோறும் சிதறியது. "இதில் செங்கல்தான் ஏற்றலாம்" என்று எல்லார் முன்னும் சொன்னேன். "உம்மா, இது மீன் ஏத்துற பெட்டி, பல்லக்கில்ல" என்று நீ முகத்தைத் திருப்பினாய். அதன்பின் நாம் சரியாகப் பேசவில்லை.

ஆயினும், பெட்டியின் அடியில் பக்கத்துக்கு இரண்டு வில்தகடுகளை நீ கழற்றியதையும், குலுக்கம் தாங்க ஷொக் அப்சோபர் பூட்டியதையும், டயர்க் காற்றைக் குறைத்ததையும் கவனித்தேன். ஒரு தொன் மீனுக்கென வைத்த வில், பாரம் குறைந்தால் வளையாது என்பதை நீயே கண்டறிந்திருக்கிறாய். இன்று காலை நீ வெளியே போனபின், ஜௌபர் மாமாவின் ஜீப்பில் அதைப் பூட்டி, அதே அளவு சோற்றையும் முட்டைகளையும் வைத்து, அதே வழியில் இழுக்கச் செய்தேன். ஒரு முட்டைகூட அசையவில்லை.

ஆகவே, எத்தாளையில் நாம் சோறு அனுப்பும் கலியாண வீட்டாரிடம், சஹன் ஏற்ற வான் வண்டி வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு சஹனும் உன் பெட்டியிலேயே போகின்றன. "ஆரு செஞ்ச பெட்டி?" என்று கேட்டார்கள். "என் மகள் செய்தது" என்றேன்.

உம்மா

பி.கு.: உன் ஸ்பானர்களை அளவு வரிசையில் அடுக்கியுள்ளேன். குலைக்காதே.

மாமா என்னை ஜீப்பில் முன்னால் ஏறச் சொன்னார், மறுத்துவிட்டேன். பெட்டிக்குள் ஒரு கதிரையைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். நான் சஹன்களோடுதான் போகிறேன்.