வாயில் வந்த தேதி

18 மே 2025, ஞாயிறு

காலை ஐந்துக்கே கரண்ட் வந்தது. மோட்டார் போட்டு இரண்டு ட்ரம்மையும் நிரப்பினேன். பாமா குடத்தைத் தூக்கப் போனாள், கத்திவிட்டேன். இதய வால்வு பழுது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீங்கள் கத்தினால் மட்டும் நெஞ்சுக்கு நல்லதா என்று கேட்டாள். பர்மியப் பட்டாளத்தை விட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, வாய் மட்டும் இன்னும் பட்டாளத்து வாய்தான்.

கடையில் மொஹிங்கா வாங்கி வந்தேன், மீன்சாறு ஊற்றிய சேமியா. சாப்பிடும்போது சொன்னாள்: அடுத்த மாதம் அவள் அண்ணன் திதி வருகிறது, இந்த வருஷத்திலிருந்து மகன் பிரேம்நாத்தான் கொடுக்க வேண்டும். அண்ணனுக்குப் பிள்ளைகுட்டி இல்லை என்று மாமியார் கேட்டுக்கொண்டதால் இத்தனை வருஷமும் எள்ளும் தண்ணீரும் இறைத்தவன் நான்.

"உங்களுக்கும் முட்டி மடங்கல. எனக்கப்புறம் இது நின்னு போயிடக் கூடாது" என்றாள்.

பிரேம் சரி என்றான். நான் தட்டைக் கழுவப் போனேன்.

19 மே

முட்டி வலி. மழை வரும் போலிருக்கிறது.

27 மே

பிரேமுக்கு லைங் தாயாவில் தையல் ஃபாக்டரி ஸ்டோரில் வேலை. ஆறரைக்கு வீடு வருபவன் எட்டாகியும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் வயசுப் பிள்ளைகளைப் பிடித்துப் பட்டாளத்துக்கு ஏற்றுகிறார்கள் என்று பத்து நாளாகத் தெருவில் இதே பேச்சு. பாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாத்திரை கொடுத்தேன், வாங்கவில்லை.

"எங்க அண்ணனையும் இப்படித்தான் புடிச்சாங்க. ஸ்டேஷனுக்கு டிக்கெட் எடுக்கப் போனவரு."

மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.

எட்டேகாலுக்கு வந்தான். ஃபாக்டரி பஸ் பாலத்தில் நின்றுவிட்டதாம், போனில் சார்ஜ் இல்லையாம். பாமா அவனை அடித்தாள், முப்பத்திரண்டு வயசுப் பையனை. பிறகு அழுதாள். நான் அடுப்படிக்குப் போய்ச் சோற்றைச் சூடாக்கினேன். இவள் இன்று பட்ட பாட்டை இவள் அம்மா எத்தனை நாள் பட்டிருப்பாள்?

28 மே

எழுதிவிடுகிறேன். கரண்ட்டும் முட்டியும் தவிர இந்த நோட்டில் வேறெதுவும் எழுதியதில்லை. பிரேமுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாமா இந்த நோட்டைத் தொடவே மாட்டாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். வெட்கக்கேடு.

1990, மழைக்காலம். நான் கார்ப்பரல். கிழக்கே மலையில் சண்டை. குண்டுப் பெட்டி சுமக்க ஊர்களில் ஆள் பிடித்து வருவார்கள். போர்ட்டர் என்று பெயர், கூலி கிடையாது. பிடித்தவன் நான் இல்லை. பிடித்தவர்களை நடத்திக் கூட்டிப் போனவன் நான். ஒருவன் சறுக்கி விழுந்து "அம்மா" என்றான். அப்போதுதான் தமிழன் என்று தெரிந்தது. முரளிதரன், ஊர் தட்டோன், இருபத்துநாலு வயது. ஒன்பது நாள் தமிழ் பேசிக்கொண்டே மலை ஏறினோம். வாய்க்கு வாய் அண்ணே என்பான். வீட்டு விலாசத்தைச் சொன்னான். தங்கச்சி ஒருத்தி, ரொம்பக் கோபக்காரி என்றான்.

பத்தாம் நாள் காய்ச்சல். பாதம் வீங்கி எழுந்திருக்க முடியவில்லை. நடக்க முடியாதவனை விட்டுவிட்டு வா என்று உத்தரவு. மரத்தில் சாய்த்து உட்காரவைத்தேன். அவன் பெட்டியை இன்னொருவன் முதுகில் ஏற்றினேன். நடந்தேன். அவன் சாகவில்லை. உயிரோடு இருந்தான், பேசிக்கொண்டிருந்தான்.

லீவில் தட்டோன் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன், சத்தியமாக. அவன் அம்மா என் யூனிஃபார்மைப் பார்த்ததும் வாசலிலேயே "போய்ட்டானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரியில், காய்ச்சலில், என் மடியில் என்றேன். என்றைக்கு என்று கேட்டாள். வாயில் வந்த தேதியைச் சொன்னேன். அது நாங்கள் முகாமுக்குத் திரும்பி எனக்குச் சுடுசோறு கிடைத்த நாள். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆனி மாதத் தேய்பிறை தசமி என்று குறித்துக்கொண்டார்கள். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

என் மடியில் என்று சொன்னேன் பார், அதற்காகத்தான் பெண்ணையே கொடுத்தார்கள்.

அய்யாசாமி மாதிரி புருஷன் அமையணும் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். குடி இல்லை, கை நீட்டியதில்லை, அவளுக்கு உடம்பு முடியாவிட்டால் அவள் துணியையும் நானே துவைப்பேன். எல்லாம் பாசம்தான்.

பாசம்தானா?

2 ஜூன்

மாமா எப்படி இறந்தார் என்று பிரேம் கேட்டான். பாமா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அதே ஆஸ்பத்திரி, அதே மடி. போதாதென்று, கடைசியாக உன் அம்மாவின் பெயரைச் சொன்னார் என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். பாமா கீரையை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஏண்டா அய்யாசாமி, நீயெல்லாம் மனுஷனா?

8 ஜூன்

பாமா கடைத்தெருவுக்குப் போய் பிரேமுக்கு வேட்டி வாங்கி வந்திருக்கிறாள். பூசாரி சொல்லச் சொல்ல, மாமா பெயரையும் திதியையும் பர்மிய எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறான். லோஞ்ஜியைத் தவிர வேறு கட்டத் தெரியாத பிள்ளை, வேட்டியைச் சுற்றிக்கொண்டு சரியா அப்பா என்று என்னைக் கேட்டான்.

நான் பொய் சொன்னேன், நான் எள் இறைத்தேன், அது என்னோடு போகட்டும் என்றிருந்தேன். இவன் அறுபது வயது வரை இதைச் சொல்லப் போகிறான். தேதி தவறு. செத்தானா என்பதே தெரியாது.

11 ஜூன்

இன்றும் சொல்லவில்லை.

14 ஜூன், சனி

சொல்லிவிட்டேன்.

பிரேம் ஓவர்டைம் போயிருந்தான். அவளுக்கு மாத்திரை கொடுத்து, அரை மணி நேரம் பொறுத்து, எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னேன். அடிப்பாள், துப்புவாள் என்று நினைத்தேன். அவள் நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயம் வேறு. குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப உசுரோட இருந்தாரா?"

ஆமாம் என்றேன்.

"அவரு செத்ததை நீங்க பார்க்கல."

இல்லை.

எழுந்து உள்ளே போய் படுத்துக்கொண்டாள். எனக்கு வசவாக ஒரு வார்த்தை போதும், அதைக்கூடக் கொடுக்கவில்லை.

17 ஜூன்

என்னோடு பேச்சு இல்லை. சோறு மட்டும் வைக்கிறாள். காலையில் பார்க்கிறேன், சுவரில் முரளிதரன் படத்தில் மாலை இல்லை. கண்ணாடியில் இருந்த குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். பிரேமிடம் அவளே எல்லாம் சொல்லியிருக்கிறாள். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போனான்.

பூசாரியிடம் போய், திதிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். திரும்பவும் பொய். நாக்கு பழகிவிட்டது.

20 ஜூன், வெள்ளி

தசமி. பிரேம் லீவு போட்டிருந்தான். திதிச் சமையல் இல்லை, காக்கைக்குச் சோறு இல்லை. வழக்கம்போல் பருப்பும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். திதியன்று எங்கள் வீட்டில் கவிச்சி ஏறியது இதுதான் முதல் தடவை.

சாப்பாடு முடிந்ததும் பிரேமைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். காணாமல் போனவர்களைத் தேடித் தரும் பக்கம் ஒன்று ஃபேஸ்புக்கில் இருக்கிறதாம். படத்தைப் போட்டு, அவள் சொல்லச் சொல்ல அவன் பர்மியத்தில் எழுதினான். பெயர். இப்போது வயது ஐம்பத்தொன்பது. இடது புருவத்தில் வெட்டுக் காயம். முப்பத்தைந்து வருஷம் கழித்து யார் வரப் போகிறார்கள் என்று எனக்கு வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், கல்யாணத்துக்கு முன் பார்த்த முகம். கேட்காமல் விட்டேன்.

கடைசியாகப் பார்த்தவர் யார் என்று ஒரு கேள்வி. பிரேம் விரலை நிறுத்தினான்.

"உங்கப்பா பேரைப் போடு" என்றாள். பிறகு ஆறு நாளில் முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள். "உங்ககிட்ட தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சு. அரை பாட்டில்."

"வச்சுட்டுத்தானே வந்தீங்க?"

தண்ணி மட்டும் வச்சுட்டுப் போங்கண்ணே என்று அவன் கேட்டான். இரண்டு நாள் நடை பாக்கி இருந்தது. ஆளை விடச் சொல்லித்தான் உத்தரவு. தண்ணீர் வைக்காதே என்று எவனும் சொல்லவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் மிச்ச நாளை நிம்மதியாகக் கழிப்பாள். நாக்கில்தான் இருந்தது.

"இல்ல பாமா" என்றேன்.

பிரேம் போனைக் கீழே வைத்துவிட்டான். பாமா அதை எடுத்துத் திரும்ப அவன் கையில் கொடுத்தாள்.

"அதை எழுதாதப்பா. படிக்கிறவங்க தேட மாட்டாங்க" என்றாள்.

என் பெயரை மட்டும் எழுதினான்.