மூன்றாவது குழாய்

ஜனவரி 9, வியாழன்

பண்டிகைக்கு முன் மேசை காலியாக வேண்டுமாம். நாற்பத்தொரு பேரின் ரத்தப் பரிசோதனை பாக்கி. லேப் மேற்பார்வையாளர் சிம்மாசலம் காரு காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்: "நூகரத்னம், சங்கராந்திக்கு ஊருக்குப் போனவன் மறுபடி ரத்தம் குடுக்க வருவானா? நோய் உண்டா இல்லையா, ஒண்ணை எழுதித் தள்ளும்மா."

ஜனவரி 11, சனி

அப்பலநாயுடு. சணல் மில் தொழிலாளி. இரண்டு மாத இருமல், சளியில் கிருமி தெரியவில்லை. காசநோய்தானா என்று ரத்தத்தில் பார்க்க அனுப்பியிருந்தார்கள். ஒருவர் ரத்தத்தை மூன்று குழாய்களில் பிரித்து வைப்போம். காசநோய்க் கிருமித் துணுக்கு போட்ட குழாயில் எதிர்ப்புப் புரதம் சுரக்கவில்லை. சரி, நோய் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றாவது குழாயிலும் சுரக்கவில்லை. அதில் இருக்கும் மருந்துக்கு எந்த ரத்தமும் சுரந்தே ஆக வேண்டும். உடம்பு அவ்வளவு தேய்ந்திருக்கிறது; நோய் இருந்தாலும் இந்தச் சோதனையில் தெரியாது. ‘சொல்ல இயலாது, மறுபடி எடுக்கவும்’ என்பதுதான் பதில்.

‘இல்லை’ என்று எழுதினேன். இங்கே எல்லோரும் எழுதுவதுதானே?

அவன் மனைவி பைடிதல்லி காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்மா!"

ஜனவரி 13, போகி

தெருவெல்லாம் புகை. யார் இருமினாலும் அவன் ஞாபகம். சீ, நல்ல நாளும் அதுவுமாக.

பிப்ரவரி 17, திங்கள்

அப்பலநாயுடுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கழுத்து விறைத்திருக்கிறது, பேச்சு குழறுகிறது. வேறு ஏதோ காய்ச்சலுக்கு மருந்து ஏறுகிறது. வார்டு டாக்டர் சொன்னாராம்: "காசநோய் இல்லைன்னு லேபே எழுதிக் குடுத்திருக்கே."

போய்ச் சொல்லிவிடவா? வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அவன் — ஐயோ, நான் என்ன மனுஷி?

பிப்ரவரி 18

சொல்லிவிட்டேன். டாக்டர் திட்டவில்லை. "மூளைக்கு ஏறிடுச்சு, ஒரு மாசம் போச்சேம்மா" என்றார், அவ்வளவுதான். உடனே காசநோய் மருந்தை ஆரம்பித்தார்கள். சிம்மாசலம் காருதான் தலையில் அடித்துக்கொண்டார்: "வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டியா? எல்லார் தலையும் உருளப்போகுது!"

மார்ச் 6

போய்விட்டான்.

ஏப்ரல் 21, திங்கள்

பைடிதல்லி மகள் மௌனிகாவோடு வந்திருந்தாள். இரண்டு வயது. பத்து நாளாகக் காய்ச்சல், ரத்தம் எடுக்க வேண்டும். அழும் குழந்தையைத் தட்டிக்கொண்டே தானாகப் பேசினாள்.

"இருமல் வந்ததுலேர்ந்து புள்ளைய கிட்டவே சேர்க்க மாட்டாரும்மா. தனித் தட்டு, தனிப் பாய். நீங்க இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்கள்ல, அன்னைக்குத்தான் அள்ளி நெஞ்சு மேல போட்டுக்கிட்டாரு. அப்புறம் தினமும் அங்கதான் தூக்கம். அந்த ஒரு மாசமாவது இதுக்கு அப்பன் கிடைச்சான்."

ஊசி குத்தும் இடம் எனக்குத் தெரியவில்லை. கண் மறைத்தது. வேறொருத்தியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 23, புதன்

குழந்தையின் மூன்றாவது குழாய் நன்றாகச் சுரந்திருக்கிறது. கிருமித் துணுக்குக் குழாயும்தான். சோதனையைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன். அதே அளவு. ‘உண்டு.’

காகிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மருந்து இருக்கிறது, இன்றே தொடங்கினால் பிழைத்துக்கொள்வாள் என்றேன். பிறகு ஜனவரியில் செய்ததைச் சொன்னேன். பைடிதல்லி கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.