கடைவாய்ப் பல் தேய்ந்த யானை

அன்புள்ள டாக்டர்,

இன்று காலை கூடலூருக்குப் போய் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பஞ்சில் நனைத்து வைத்த கிராம்பு எண்ணெயின் காட்டம், தேவாலா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் மூக்கை விட்டுப் போகவில்லை. பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார்கள். சன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். மேடும் பள்ளமும் மழுங்கி, கரைந்த சோப்புத் துண்டுபோல் இருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏனுங்க வாத்தியாரே, வருசம் பூரா முறுக்கேதான் தின்னீங்களா?" என்று கேட்டிருப்பீர்கள்.

மாடோ ஆடோ, வைத்தியத்துக்கு வந்த எந்த உயிரையும் நீங்கள் வாயிலிருந்துதான் படிக்கத் தொடங்குவீர்கள். நான் வகுப்பில் வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன். சிறுத்தையின் பின்பற்கள் கத்தரிக்கோலின் இரண்டு அலகுகள்போல் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்கும், அதனால் அதற்கு வெட்டத் தெரியும், அரைக்கத் தெரியாது என்று உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். எலியின் முன்பல் வளர்வதை நிறுத்துவதே இல்லை, கொறிக்காமல் விட்டால் அதன் வாயே அதற்குச் சிறையாகிவிடும் என்றீர்கள். "எதைத் தின்ன முடியும்னு தெரிஞ்சா, எதுக்கு வந்துச்சுன்னு தெரியும்" என்பது உங்கள் வாக்கு. அது பாடம் நடத்துவதற்கான வாக்கியம் என்றுதான் அந்த ஆடி மாதம் வரை நினைத்திருந்தேன்.

மழை விடாமல் பெய்த ஆடி. காட்டிலிருந்து தந்தமில்லாத ஓர் ஆண் யானை தனியாக இறங்கி வந்து, எஸ்டேட்டின் கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இரண்டு வீட்டுச் சமையல்கட்டுகளை இடித்து, அரிசியையும் உப்பையும் தின்றுவிட்டுப் போயிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அடுத்த முறை அப்படி இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். யானைக்கு மதம் என்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய சாட்சி விசித்திரமாக இருந்தது: புல்லைப் பிடுங்கி வாயில் போட்டு மெல்லுகிறது, பிறகு உருண்டையாகத் துப்பிவிடுகிறது. "தின்னவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. மதமில்லாம வேற என்ன?" என்றான் பாஸ்கரன். ஃபேக்டரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, இன்னும் சில இளைஞர்களோடு வெடிக்கட்டு வைத்துக்கொண்டு லயத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தவன்.

நாம் அன்று போனது மாரியாயியின் மாட்டைப் பார்க்க. தீனி எடுக்கவில்லை என்று ஆள் அனுப்பியிருந்தாள். மழையால் எனக்குப் பள்ளி விடுமுறை. குடை பிடிக்க வந்தேன். நீங்கள் மாட்டின் வாய்க்குள் கையை விட்டு, பல்லிடுக்கில் செருகியிருந்த மூங்கில் சிம்பை உருவி எடுத்தீர்கள்.

"வித்தவன் நாலு பல்லு, இளசுன்னு சொல்லித்தாங்க குடுத்தான்" என்றாள் மாரியாயி.

"நாலு பல்லா? இது பல்லெல்லாம் சேர்ந்து, தேய ஆரம்பிச்சு, பேத்தி எடுத்து ரொம்ப நாளாச்சுங்க."

"அந்தப் பாவி நாசமாப் போக" என்று அவள் சிரித்தாள். அந்த மாலையில் நாம் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

தொழுவத்துக்குப் பின்னால் யானை விட்டை கிடந்தது. இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. நீங்கள் உட்கார்ந்து அதை இரண்டு கைகளாலும் பிட்டீர்கள். உள்ளே விரல் நீளத்துக்கு மூங்கில் துண்டுகள். நரம்பு கூடச் சிதையாத இலைகள். பக்கத்தில் கிடந்த புல் உருண்டையையும் எடுத்துப் பிழிந்து பார்த்தீர்கள். உங்கள் முகம் மாறிவிட்டது.

"வாத்தியாரே, இலை இலையாவே வெளிய வந்திருக்குது. இதுக்கு அரைக்கற பல்லு இல்லைங்க."

பாஸ்கரனும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். நீங்கள் அவசரமாக, ஆனால் ஒரு படியையும் விடாமல் சொன்னீர்கள். மனிதனுக்குப் பல் கீழிருந்து முளைத்து வருகிறது. யானைக்கு அப்படியில்லை. தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் செங்கல் அளவில், அம்மி கொத்தியது மாதிரி வரிவரியாக ஒரு பல். அது தேயத் தேயப் பின்னாலிருந்து அடுத்தது தள்ளிக்கொண்டு முன்னே வரும். "பஸ்ஸுக்கு நிக்கற வரிசை மாதிரி. ஆறு தடவை வரும். ஆறாவதும் தேஞ்சுட்டா வரிசை முடிஞ்சுது. புல்லுக்கு நடுவுல நின்னுக்கிட்டே பட்டினி கிடக்கும். கன்னத்துல மதநீர் ஒழுகறதை யாராச்சும் பாத்தீங்களா? பாக்கலை. இது பல்லுப் போன யானை. மெல்லாம முழுங்கறதுக்கு அரிசி தேடி வருது."

"அப்ப இத்தனை நாளும் பொக்கவாய்க் கிழவனுக்கா காவல் நின்னோம்?" என்றான் பாஸ்கரன்.

"பல்லுதான் போச்சு தம்பி. எடை போகலை."

பிறகு மாரியாயியின் பக்கம் திரும்பிக் கேட்டீர்கள்: "அரிசியை எங்க வெச்சிருக்கறீங்க?"

அவள் சற்றுப் பெருமையோடுதான் சொன்னாள். வழக்கமாக அந்த ஈரக் காட்டில் அடுப்புக்கு மேலுள்ள பரணில்தான் அரிசி இருக்கும். புகைச்சூடு இல்லையென்றால் பூசணம் பிடித்துவிடும். இரண்டு சமையல்கட்டுகள் போன பிறகு லயமே கூடிப் பேசி முடிவு செய்திருந்தது. "சமையல்கட்டுல ஒரு மணி அரிசி இல்லீங்க. எல்லா வீட்டுலயும் உள்ள கொண்டாந்துட்டோம். கட்டிலுக்கு அடியில, கம்பளி போட்டு மூடி வச்சிருக்கோம்."

கட்டிலின் மேல் அவள் கணவர் செல்லையா படுத்திருந்தார். தேயிலைச் செடி கவாத்து வெட்டும்போது சரிவில் விழுந்து, இடுப்புவரை மாவுக்கட்டு போட்டவர். தலைமாட்டில் பின்சுவர். மண்சுவர், அத்தனை நாள் மழை குடித்தது.

உங்களுக்கு எதுவும் சொல்ல நேரம் இருக்கவில்லை. லயத்தின் கோடியில் காவல் நின்றவன் சீழ்க்கை அடித்தான். மூடுபனிக்குள் தேயிலைச் செடிகள் முறியும் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு நின்றது. வீட்டுக்குப் பின்னால், மண்மேட்டுக்கும் சுவருக்கும் இடையே, பனியின் ஒரு பகுதி மட்டும் கறுப்பாக அசைந்தது.

பாஸ்கரன் தீப்பெட்டியை எடுத்துவிட்டான்.

"வேண்டாம்" என்றீர்கள்.

"டாக்டர், நீங்க மாட்டு டாக்டர். யானை டாக்டர் இல்ல."

"சரிங்க தம்பி, மாட்டு டாக்டரேதான். நீங்க பத்த வெச்சா அது எந்தப் பக்கம் ஓடும்னு மட்டும் சொல்லிட்டுப் பத்த வைங்க. ஒரு பக்கம் மேடு, வழுக்குது. இந்தப் பக்கம் நீங்க நிக்கறீங்க. மிச்சம் என்ன இருக்குது?"

பாஸ்கரன் அந்தச் சுவரைப் பார்த்தான். அதற்குள் படுத்திருப்பவர் யார் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தீப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நமக்கு முன்னால் அவனே வீட்டுக்குள் நுழைந்தான்.

முதலில் மூட்டையை இழுத்தோம். செல்லையாவின் எடையில் கட்டில் தாழ்ந்து, மூட்டை இறுகிக் கிடந்தது. விட்டுவிட்டோம். அவரைத்தான் தூக்க வேண்டும். படுத்திருந்த கம்பளியோடு நான்கு மூலைக்கு நால்வர்: நீங்கள், நான், மாரியாயி, பாஸ்கரன். சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. தும்பிக்கை சுவரைத் தடவிக்கொண்டே வந்து, கட்டிலுக்கு நேராக நின்றது. சுண்ணாம்புப் பொருக்கு உதிர்ந்து செல்லையாவின் முகத்தில் விழுந்தது.

"சார், அரிசி... மாசத்து அரிசி" என்றார் அவர் கிசுகிசுப்பாக.

"சும்மா கெடங்களேன்" என்றாள் மாரியாயி, பல்லைக் கடித்துக்கொண்டு.

எனக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. நீங்கள் கண்ணாலேயே வேண்டாம் என்றீர்கள். மாவுக்கட்டு கதவு நிலையில் இடித்தது. சாய்த்து, திருப்பி, வாசலைத் தாண்டினோம். முற்றத்தில் கால் வைத்தபோது பின்னால் சுவர் சரிந்தது. நனைந்த மண் சரியும் சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்காது என்று அன்று தெரிந்துகொண்டேன். கட்டில் முறிந்த சத்தந்தான் பெரிதாகக் கேட்டது.

யாரும் வெடி போடவில்லை. யானை இடிபாட்டில் நின்று, அரிசியை வாரி வாரி வாய்க்குள் போட்டுக்கொண்டது. தாடை அசையவே இல்லை. மூட்டை தீர்ந்ததும் மெதுவாகச் சரிவில் இறங்கிப் போனது.

இருட்டுவதற்குள் எல்லா வீட்டு அரிசியையும் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு மாற்ற வைத்தீர்கள். "கொட்டகை போனாப் போகட்டும். அங்க யாரும் தூங்கறதில்லை." மாரியாயிக்கு ஆளுக்கொரு படி அளந்து கொடுத்தார்கள். அந்த யானைக்கு வெளியே எங்காவது கஞ்சி வைக்கலாமே என்று நான் கேட்டபோது கோபப்பட்டீர்கள். "ஒரு நாள் வெச்சா மறுநாளும் சுவரோரம் வந்து நிக்கும். அப்பறம் யாரைத் தூக்குவீங்க?" சொல்லிவிட்டு, வழி நெடுக அந்தச் சரிவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். உங்களுக்கும் அது எளிதாக இருக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

மழை குறைந்தபோது, சதுப்பில் இளம்புல் இருக்கும் இடத்தில் அது விழுந்து கிடந்தது. வனத்துறையார் உங்களையும் அழைத்திருந்தார்கள், நானும் வந்தேன். தாடையைத் திறந்து காட்டினீர்கள். வரிகளே இல்லை. உள்ளங்கைபோல் வழவழவென்று ஒரு மிச்சம்.

"ஏழாவது ஏன் வரவில்லை டாக்டர்?" என்று கேட்டேன்.

நீங்கள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னீர்கள். அதன் முன்னோர் தழை தின்றவர்கள். புல்லுக்கு மாறிய பிறகு, புல்லுக்குள் இருக்கும் மணல்போன்ற நறநறப்பு பல்லைத் தேய்த்தது. வரி அதிகமுள்ள, உயரமான பல்லோடு பிறந்தவை கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்து, கூடுதலாகக் குட்டி போட்டன. அப்படித்தான் அந்தப் பல் செங்கல்லாக வளர்ந்தது. "ஆறு தேயறதுக்குள்ள குட்டி போட்டு வளர்த்து முடிஞ்சுருதுங்க. அதுக்கு மேல ஒண்ணு வந்தாலும் வராட்டியும் அடுத்த தலைமுறைக்குப் பெருசா ஒண்ணுமில்லை. அதனால வரலை." பிறகு, "இதுல யாரு மேலயும் கோவிச்சுக்க முடியாதுங்க வாத்தியாரே" என்றீர்கள்.

போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து உங்கள் மகன் நீங்கள் போய்விட்ட செய்தியைச் சொன்னபோது, எனக்கு அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

உங்கள் பெட்டியோ புத்தகங்களோ என்னிடம் இல்லை. நீங்கள் மாரியாயியிடம் கேட்ட ஒரு கேள்வி இருக்கிறது. சென்ற மாதம், மழை வலுத்த ஒரு மாலை, என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். பக்கத்து எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

"சார், யானை வந்திருக்கு. மதம் பிடிச்சிருக்குங்கறாங்க. பட்டாசு எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு."

"அரிசி எங்கம்மா வச்சிருக்கே?" என்று கேட்டேன்.

"உள் ரூம்ல, சார். தொட்டிலுக்குக் கீழ."

அவள் போனை வைக்கவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவசரமாக ஓடும் காலடி. பிறகு, தொட்டிலிலிருந்து வாரியெடுத்த குழந்தை வீறிட்டு அழுதது. வெளியே வந்துவிட்ட அந்த அழுகையின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது.