ஏகாம்பரம் வீட்டு லண்டன் பெட்டி

புரட்டாசி 6, புதன்
காலையிலிருந்து தூறல். ரேடியோ அறையில் ஒழுகல். இரண்டு பெட்டிகளைக் கட்டிலுக்கு மாற்றினேன். கமலாவுக்குக் கோபம். "பேசாத பொட்டிங்களுக்குக் கட்டில், கட்டிக்கினு வந்தவளுக்குத் தரையா?" நியாயம்தான்.

மெட்ராஸ் காலேஜ் பேராசிரியர் எழுதியிருக்கிறார். என் பழைய ரேடியோக்கள் மொத்தத்துக்கும் காலேஜில் ஒரு அறை தருவார்களாம். கூடவே ஒரு பழைய டெலிவிஷனும் இருந்தால்தான் மேலிடம் சம்மதிக்கும். அதுவும் யாரும் கை வைக்காத அசல். காஞ்சிபுரத்தில் எங்கே போவேன்? எனக்குப் பிறகு எல்லாம் காயலான் கடைக்குத்தான். எடைக்குப் போட்டுவிடுவேன் என்று பையன் இப்போதே சொல்லிவிட்டான்.

வாங்க: ஈயக்கம்பி, கற்பூரம், கமலாவுக்குத் தைலம்.

8, வெள்ளி
மழை இல்லை. பின் தெரு ஏகாம்பரம் வந்தான். பட்டு நெசவு. என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன். கப்பலில் சமையல் வேலை பார்த்த அவன் அண்ணன், லண்டனிலிருந்து ஒரு டெலிவிஷன் கொண்டுவந்தாராம். இங்கே ஸ்டேஷனே இல்லாத காலம். அண்ணன் போய்ச் சேர்ந்தார், பெட்டி பரணில். இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை, பாவி!

போய்ப் பார்த்தேன். வால்வு எல்லாம் முதலில் போட்டவை. பின் அட்டையில் கம்பெனிச் சீட்டு கிழியாமல். பாலிஷ் மங்கல், ஆனால் அசல். ஸ்பீக்கர் துணியில் மட்டும் ஒரு மூலை எலி கடித்திருக்கிறது.

"துணி ஒண்ணுதான்பா குறை" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

லண்டன் ஸ்டேஷன் படம் அனுப்பும் முறை வேறு, மெட்ராஸ் முறை வேறு. இதில் நம் ஊர்ப் படம் வராது. அதையும் சொல்லிவிட்டேன். பதிலுக்கு என் ஜெர்மன் ரேடியோ தருவதாகப் பேச்சு.

"படம் வராத பொட்டிக்குப் பாடுற பொட்டியக் குடுக்கிறியே, உனக்கு இன்னாபா ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. சரியா, இல்லையா?"

"சரிபா. பூஜை முடியட்டும். விஜயதசமிக்கு எடுத்துக்கினு வர்றேன்."

ஜெர்மன் ரேடியோதான் என்னிடம் இருப்பதிலேயே நல்லது. போகட்டும், மற்றவை பிழைக்கும்.

16, சனி. ஆயுத பூஜை
டெலிவிஷன் கிடைத்ததென்று எழுதியிருந்தேன். பேரா. நாளை மதியம் பார்க்க வருகிறார். ரேடியோக்களுக்குக் கமலா சந்தனம் வைக்க வந்தாள். மரத்தில் வேண்டாம், கண்ணாடியில் மட்டும் என்று கெஞ்சினேன்.

ஏ. வீட்டுப் பக்கம் போனேன். கதவு சாத்தி. உள்ளேயிருந்து வார்னிஷ் வாசனை. பூஜைக்குத் தறியில் ஏதோ பூசுகிறார்கள் என்று நினைத்தேன்.

17, ஞாயிறு
நல்ல வெயில். பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். மேலே துணி போர்த்தி. துணியை எடுத்தான்.

பழைய பாலிஷைச் சுரண்டிவிட்டுப் புது வார்னிஷ். பின் அட்டையைத் தேய்த்துக் கழுவியதில் கம்பெனிச் சீட்டு போயே போச்சு. ஸ்பீக்கருக்கு அரக்குப் பட்டு, நடுவில் சரிகை அன்னம். இதற்கென்றே தறியில் நெய்தது.

"பூஜைல வெச்ச பொருளைக் கந்தலோடயா குடுப்பாங்க? நீதான துணி குறைன்ன. ஒரு வாரமா வேற வேலையே தொடலபா."

"நல்லா இருக்குது" என்றேன். ஜெர்மன் ரேடியோவைக் கொடுத்தேன். அவனுக்குக் கண் கலங்கியது. எனக்கும்.

பேரா. வந்தார். நாலு நல்ல வார்த்தை கேட்கலாம் என்று ஏ. போகாமல் நின்றான். பேரா. குனிந்து பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். முகம் மாறியது. "யார் செஞ்ச வேலை இது?"

ஏ. பல்லெல்லாம் தெரிய வாயைத் திறந்தான். வசவு அவன் தலையில் விழுமே என்று முந்திக்கொண்டேன். "நான்தான் சார்."

ஏ. என்னை ஒரு பார்வை பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ரேடியோவை மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

பேரா.வுக்கு என் மீது நம்பிக்கை போயிற்று. மற்ற ரேடியோக்களிலும் இப்படிக் கை வைத்திருப்பேன் என்று சந்தேகம். அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காபி பாதி டம்ளரில். எழுதுகிறேன் என்றார். எழுத மாட்டார்.

18, திங்கள்
தலைவலி. கமலா தண்ணீர்க் குழாயில் ஏ.வின் சம்சாரத்தைப் பார்த்தாளாம். அவன் சொன்னதாக அவள் சொன்னது: "நான் நெய்ஞ்சத தான் செஞ்சதா சொல்லிக்கினான். இனிமே அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

போய் விளக்கலாம். விளக்கினால் 'நீ பெட்டியைப் பாழாக்கிவிட்டாய்' என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து நெய்தவனிடம் எப்படிச் சொல்வேன்? திருடன் என்றே இருக்கட்டும்.

20, புதன்
மறுபடி தூறல். அறையில் ஒழுகல். பெட்டிகளை மாற்றவில்லை. எதற்கு?

லண்டன் பெட்டியைக் கமலா கூடத்தில் வைத்துவிட்டாள். "இத்தினி வருஷத்துல நீங்க கொண்டாந்ததுலயே இதுதாங்க லட்சணமா இருக்குது."

சாயங்காலம் பின் தெருவிலிருந்து ஜெர்மன் ரேடியோ கேட்கிறது. ஸ்டேஷன் சற்று விலகி, ஒரே இரைச்சல். அந்தத் திருகை ஒரு நூல் திருப்பினால் போதும். கூப்பிட மாட்டான்.