நான்காம் பம்பின் நடுக்கம்

மார்ச் 3
பத்துப் பம்புகளில் ஒன்பது பேசுகின்றன. நான்காம் பம்பில் ஒட்டிய சென்சார் இன்றும் வாய் திறக்கவில்லை. பேட்டரி கிடையாது, கம்பி கிடையாது. பம்ப் அதிரும் அதிர்விலிருந்தே மின்சாரம் எடுத்து, பம்புக்கு என்ன கோளாறு என்று அது சொல்ல வேண்டும். இரண்டு வருட உழைப்பு. இருபதாம் தேதி வாடிக்கையாளர்கள் முன்னால் பத்தும் பேசாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மார்ச் 5
சர்க்யூட்டை மாற்றினேன். லேபில் கிளி மாதிரிப் பேசுகிறது. பம்பில் ஒட்டினால் ஊமை.

மார்ச் 6
மறுபடி மாற்றினேன். சனியன்.

மார்ச் 9
வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். "உன் சென்சார் மட்டுமா பட்டினி? நானுந்தான்," என்றார். சிரிப்பு வரவில்லை. அவரே சமைத்தார்.

மார்ச் 12
தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.
பம்புகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் அண்ணன் சாதாரணமாகச் சொன்னார்: "மூணு மாசத்துக்கு முன்னாடி அளவெடுத்துட்டு உச்சுக்கொட்டிட்டு நின்னீங்களேம்மா. பம்புலதான் ஏதோ கோளாறுன்னு அடி போல்ட்டை டைட் பண்ணி விட்டேன். இப்ப ஆடவே இல்ல பாருங்க."
போல்ட் தளர்ந்து ஆடிய ஆட்டத்தை அளந்து, அந்த ஆட்டத்துக்கென்றே சென்சார் செய்திருக்கிறேன்! பம்ப் சரியானதும் அதற்குச் சாப்பாடு போய்விட்டது. அவரை என்ன திட்டுவது? முட்டாள் நான்தான். புதிதாகச் செய்ய இரண்டு மாதம் ஆகும்.

மார்ச் 19
கேட்டுவிட்டேன். "அண்ணே, நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் போல்ட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணி விடுங்க."
"நல்லா ஓடுற பம்பையாம்மா?"
பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

மார்ச் 20
பத்துக்குப் பத்து. கைதட்டினார்கள். எனக்குத்தான் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

மார்ச் 21
வாடிக்கையாளர்கள் இன்னும் ஒரு வாரம் பார்க்க வேண்டுமாம். "டைட் பண்ணிடவா?" என்று ஃபிட்டர் அண்ணன் வந்து நின்றார். இருக்கட்டும்ணே என்றேன்.

மார்ச் 26
நான்காம் பம்பைச் சுழற்றும் ஷாஃப்ட் ஆடி ஆடியே உடைந்தது. சென்சார் மூன்று நாளாக எச்சரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. போல்ட் விஷயம் தெரிந்ததுதானே என்று அந்த எச்சரிக்கையை நான்தான் அணைத்து வைத்திருந்தேன்.

மார்ச் 27
ஃபிட்டர் அண்ணனுக்கு மெமோ. 'டைட் பண்ண மறந்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.
ஏண்ணே என் பேரைச் சொல்லல?
"உங்க ரெண்டு வருஷம் வீணாப் போயிடும்லம்மா."
கழிப்பறையில் போய் அழுதேன். இவ்வளவு கேவலமாகவா போனேன்?

மார்ச் 30
மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன்: போல்ட்டைத் தளர்த்தச் சொன்னதும் நான், அப்படியே விடச் சொன்னதும் நான். இரண்டு முறை படித்தார். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 4
ஃபிட்டர் அண்ணனின் மெமோவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்; என் திட்டத்தை மூடிவிட்டார்கள். நான் பம்ப் அறைக்குப் போய்ச் சென்சார்களைக் கழற்றினேன். ஏற்கெனவே ஊமையான நான்காவதைத் தவிர, கையில் எடுத்த நிமிடமே ஒவ்வொன்றும் அடங்கியது. ஒட்டியிருந்த பசையை ஃபிட்டர் அண்ணன் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார்.
"நான் மறந்துட்டேன்னே இருந்திருக்கலாம்லம்மா," என்று முனகினார்.
பெட்டியைக் கொஞ்சம் பிடிங்கண்ணே என்று சொல்லி, பத்தாவதையும் கழற்றினேன்.