வெட்டாத பதினாலு நிமிஷம்

4 மார்ச் 2025, செவ்வாய்

காலையிலிருந்து கேட்டில் லாரி வரிசை குறையவே இல்லை. மூன்று மணிக்குத்தான் சாப்பாடு. மோர்க்குழம்பு புளித்துவிட்டது, அப்படியே தின்றேன்.

நாளைக்கு விசாரணை. எங்கள் சரக்கு யார்டுத் தொழிலாளி மந்திரமூர்த்தி அண்ணனுக்கு ஆபரேஷனில் ஒரு காலை எடுத்து இன்றோடு பதினெட்டு நாள். இரும்புக் குழாய்க் கட்டைக் கிரேனில் தூக்கும்போது கம்பிக் கயிறு அறுந்து கால்மேல் விழுந்தது. அவர் குடித்துவிட்டு வந்து கீழே நின்றதாக யார்டு மேனேஜர் சிவபாலன் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணன் குடிக்கிறவரே இல்லை. அதோடு, விபத்துக்கு முந்தின நாள் மீட்டிங்கில் மேனேஜர் பேசினது என் போனில் இருக்கிறது. மினிட்ஸ் டைப் பண்ணுவதற்காக எல்லா மீட்டிங்கையும் பதிவு செய்வது என் வேலை. "கயிறு இழை விட்டிருக்குன்னு எனக்கும் தெரியும். இந்தக் கப்பல் போகட்டும், மாத்துவோம்." அவர் குரல்தான். சந்தேகமே இல்லை.

5 மார்ச், புதன்

பதிவைப் போட்டார்கள். எல்லாரும் கேட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மேனேஜர் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். பாட்டு கேட்கிற சாஃப்ட்வேர். அதில் என் ஃபைலின் பிட்ரேட் 32, நீளம் 42 நிமிஷம் என்று இருந்தது. ஆனால் ஓடினது பதினாலு நிமிஷம்தான். என் போனில் அதே ஃபைல் 96, பதினாலு நிமிஷம் என்று காட்டுகிறது. மிச்சம் இருபத்தெட்டு நிமிஷத்தை நான் வெட்டி எறிந்துவிட்டேனாம். வேண்டியதை மட்டும் ஒட்டி வைத்திருக்கிறேனாம்.

விசாரிக்கிறவர் கம்பெனி வெளியிலிருந்து அமர்த்தின வயதான வக்கீல். என்னைப் பார்த்தார். அடுத்த புதன்கிழமைக்குத் தள்ளிவைத்தார்.

நான் வெட்டல. வெட்டத் தெரியவும் தெரியாதே எனக்கு. அப்ப அந்த நாற்பத்திரண்டு எங்கேயிருந்து வந்தது?

6 மார்ச், வியாழன்

மேனேஜர் தன் ரூமுக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ஐந்து வருஷத்தில் முதல் டீ. ஒரு கடிதத்தை டைப் செய்தே வைத்திருந்தார். பதிவு நம்பத்தக்கதல்ல, திரும்பப் பெறுகிறேன் என்று. கீழே 'அருணாசலவடிவு' என்று என் பெயர்கூட அடித்தாயிற்று, கையெழுத்துதான் பாக்கி. போடாவிட்டால் மோசடி என்று போலீஸுக்குப் போவாராம்.

டீயைக் குடித்தேன். கையெழுத்துப் போடவில்லை.

7 மார்ச்

மேனேஜரைப் பகைத்துக்கொண்டேன் என்று அம்மா என்னோடு பேசுவதில்லை. பேசாட்டிப் போகட்டும்.

9 மார்ச், ஞாயிறு

காயல்பட்டினம் போனேன். என்னோடு கல்லூரியில் படித்த ஷஃபீகா வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சரிபண்ணுகிறாள். ஃபைலைத் திறந்து பார்த்தவள் சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

அவள் சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன். பிட்ரேட் என்பது ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு தகவல் எழுதுகிறது என்ற கணக்கு; என் போனில் இருக்கும் ஆப் அதை ஒரே அளவாக வைப்பதில்லை. பேச்சில்லாத இடத்தில் குறைக்கும், பேச்சு வந்தால் கூட்டும். சராசரி எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று ஃபைலின் தொடக்கத்தில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். இந்த ஆப் அதை எழுதுவதில்லை. அப்போது சில சாஃப்ட்வேர் முழு ஃபைலையும் படித்துக் கணக்குப் போடும். மேனேஜருடையது முதல் துண்டின் பிட்ரேட்டை மட்டும் பார்த்து, ஃபைலின் மொத்த அளவை அதால் வகுத்து நீளம் சொல்கிறது. மீட்டிங் தொடங்கும்போது யாரும் பேசவில்லை, அங்கே 32. ஃபைல் முழுக்க 32 என்று அது நினைத்துக்கொண்டால் நீளம் மூன்று மடங்காகத்தானே வரும்!

"உன் ஃபைல் நல்லாத்தான் இருக்கு. அவர் லேப்டாப் காட்டுத நம்பர்தான் தப்பு" என்றாள்.

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதையும் பொய் என்பார்கள். அவர்கள் கண்ணாலேயே பார்க்கணும்.

12 மார்ச், புதன்

விளக்கிச் சொன்னேன். யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்றார் மேனேஜர்.

என் போனில் அதே ஆப்பைத் திறந்து வக்கீல் முன்னால் வைத்தேன். "நீங்களே பதிவு பண்ணுங்க ஐயா. முதல்ல கொஞ்சம் சும்மா இருங்க, பிறகு பேசுங்க. நான் தொடவே மாட்டேன்."

கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக இரண்டு நிமிஷம் பதிவு செய்தார். தேதி, தன் பெயர், வீட்டு முகவரி எல்லாம் சொன்னார். அவரே நிறுத்தினார், அவரே கேபிள் மாட்டி மேனேஜர் லேப்டாப்பில் ஏற்றினார். பிட்ரேட் 32. நீளம் கிட்டத்தட்ட ஆறு நிமிஷம்.

நான்தான் கேட்டேன். "உங்க பேச்சுல மிச்சம் நாலு நிமிஷத்தை வெட்டினது யாரு ஐயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, கயிறு இழை விட்டது உங்களுக்கு என்றைக்குத் தெரியும் என்று கேட்டார்.



28 மார்ச், வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. தொழிலாளி மீது தவறில்லை. குடித்திருந்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

கூடவே எனக்கு மாற்றல் உத்தரவு. இனி லாரி எடைமேடை, காலை ஆறு மணி ஷிஃப்ட். வேலையை விட்டு ஓடிவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள். ஓடமாட்டேன்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய் அறிக்கையை வாசித்தேன். அண்ணன் மனைவி செல்லத்தாய் மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். முடித்ததும் மதினியிடம், "உங்க அப்பாவுக்குப் போன் போடு" என்றார். மருமகன் குடித்துவிட்டுக் காலை இழந்தான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லையாம். எனக்கு இது தெரியாது.

குலசேகரன்பட்டினத்தில் அவர் எடுத்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுப் போனை என்னிடம் நீட்டினார். மூன்றாவது தடவையாக வாசித்தேன்.

"நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வாரேன்னு மாப்பிள்ளைட்ட சொல்லு தாயி" என்றார்.

சொல்லத் தேவையிருக்கவில்லை. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மதினி முகம் கழுவப் போனாள்.