தூணில் இல்லாத வாத்தியார்

விளாங்குடி
10.7.2022

அன்புள்ள மாப்ள அழகுபாண்டிக்கு,

இங்கே நானும் ஜோசபினும் நலம். தங்கச்சி மீனாவுக்கு முட்டுவலி தேவலையா?

போனில் பேசினால் "சரி சரி" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய். அதனால் எழுதுகிறேன். நாற்பத்திரண்டு ஆகஸ்ட் போராட்டத்துக்கு நம் ஊரில் நினைவுத்தூண் வைக்கிறீர்கள், நீதான் கமிட்டித் தலைவர் என்றதும் பெருமையாக இருந்தது. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் தாத்தா காசிமாயன் பெயர் இருக்கிறது. என் தாத்தா ஆசீர்வாதம் வாத்தியார் பெயர் இல்லை.

பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுக் கொடியோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் நடந்தவர். அதற்காக மிஷன் அவரை வேலையிலிருந்து நீக்கியது. சிறையில் பிடித்த காய்ச்சலோடு வீட்டுக்கு வந்து இறந்தார். உனக்குத் தெரியாததா? விட்டுப்போயிருக்கும். சேர்த்துவிடு.

உன்
ஞானசீலன்

எழுமலை
18.7.2022

அன்பு மாப்ள,

மீனா நடமாடுகிறாள். மழை ஏமாற்றிவிட்டது, பருத்தி வாடி நிற்கிறது.

பெயர் விட்டுப்போகவில்லை. முதல் கூட்டத்திலேயே சொன்னேன். கருத்தக்கண்ணன் எழுந்து, "அவரு பொழைக்க வந்த ஆளுண்ணே. இது நம்மாளுக தூணு" என்றான். கல்லும் கட்டுமானமும் அவன் செலவு. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகும் கேட்டுப் பார்த்தேன். அதே பதில்தான்.

திறப்பு விழாவுக்கு வா. மேடையில் உனக்குப் பொன்னாடை போர்த்தி, வாத்தியாரைப் பற்றி நானே பேசுகிறேன். இப்போதைக்கு என்னால் அம்புட்டுத்தான் முடியும். வருத்தப்படாதே.

உன்
அழகு

விளாங்குடி
25.7.2022

அழகுபாண்டிக்கு,

பொன்னாடை வேண்டாம்.

காசிமாயன் தாத்தா தலைக்கு ஓங்கிய லத்தியைக் குறுக்கே கைநீட்டி வாங்கியவர் வாத்தியார். அந்தக் கை கடைசிவரை நிமிரவில்லை. இதைச் சொன்னது எங்கள் வீட்டார் அல்ல, உன் தாத்தாதான். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், "வாத்தியாரு இல்லேனா நான் இல்லடா" என்பார். பக்கத்து இலையில் நீயும் இருந்தாய்.

வெள்ளைக்காரன் அவரை உங்கள் ஊர்க்காரர் என்றுதான் விலங்கு போட்டுக் கொண்டுபோனான். வெளியூர் என்று பிரிப்பது நீங்கள்தான்.

"விடுங்க, அவரு மட்டும் என்ன செய்வாரு" என்கிறாள் ஜோசபின். என்னால் விட முடியவில்லை. விழாவுக்கு நான் வரவில்லை.

ஞானசீலன்

எழுமலை
16.8.2022

அன்புள்ள ஞானத்துக்கு,

நேற்று தூணைத் திறந்துவிட்டார்கள். நான் போகவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் கமிட்டியைக் கூட்டினேன். "வாத்தியாரு பேரு இல்லேனா எங்க தாத்தா பேரும் வேணாம்" என்றேன். பதறிப்போய் இறங்கி வருவார்கள் என்று நினைத்தேன். கருத்தக்கண்ணன், "உங்க இஷ்டம்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், காசிமாயன் பெயர்மேல் சிமெண்ட் பூசியிருக்கிறது.

கமிட்டியை விட்டு விலகிவிட்டேன். "இருந்த பேரையும் தொலச்சிட்டு வந்திருக்கீக" என்று சொன்ன மீனா, அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன் மாப்ள.

அழகு

விளாங்குடி
21.8.2022

மாப்ள அழகு,

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பெயரைச் சேர்க்கச் சொன்னேன். நீ இருந்ததையும் அழித்துவிட்டு நிற்கிறாய். மீனா சொன்னதில் தப்பில்லை. விலகிப் போனால் கருத்தக்கண்ணனுக்குத்தான் நிம்மதி.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். இரண்டு பேருமாக அவன் வீட்டுக்குப் போவோம். கேட்காவிட்டால் தூணுக்கு முன்னால் உட்காருவோம். "இந்த வயசுல வெயில் தாங்குமா?" என்று ஜோசபின் ஏசினாள். ஏசிவிட்டுத் தனக்கும் சேர்த்து இரண்டு குடை எடுத்து வைத்திருக்கிறாள்.

உன் மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை. அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அங்கே போனதும் அவரவர் தாத்தாவுக்கு அவரவர் பேச வேண்டாம். நீ வாத்தியார் பெயரைக் கேள். நான் காசிமாயன் பெயரைக் கேட்கிறேன்.

உன்
ஞானம்